சிறு செலவில் ஒரு பெருநகரம்: ஹாங்காங்

வெளிநாட்டுப் பயணம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், நம்மில் பலர் கூறும் பதில் ஒன்றே. "அது வசதி படைத்தவர்களுக்கு உரியது, நமக்கு ஏன் அந்த ஆசை?" என்று கூறிப் பேச்சை அத்துடன் முடித்துவிடுகிறோம். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுத் தவணை, பெற்றோரின் மருத்துவம் ஆகிய செலவுகளுக்கு நடுவே குடும்பம் நடத்தும் ஒருவர் இப்படிச் சொல்வதில் தவறில்லை. கடன் வாங்கியாவது ஊர் சுற்றுங்கள் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. ஆனால், ஓராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு நான்கைந்து நாள் ஒரு பெரிய நகரைக் கண்டு வரலாம்; அதுவும் மனநிறைவோடு கண்டு வரலாம். அதை ஒரு நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அந்த நகரம் ஹாங்காங்.

"ஹாங்காங்கா? அது உலகிலேயே விலைவாசி மிகுந்த நகரங்களுள் ஒன்றாயிற்றே!" என்று நேயர்கள் வியக்கலாம். உண்மைதான். அதனால்தான் அதையே எடுத்துக்கொண்டேன். அங்கே சிக்கனமாகச் சுற்றிப் பார்க்கத் தெரிந்தவருக்கு வேறு எந்தக் கடற்கரை நகரமும் கடினமாக இராது.

தென்சீனக் கடலோரத்தில், கவுலூன் என்ற நிலப்பகுதியும் ஹாங்காங் தீவும் எதிரெதிரே நிற்க, நடுவே ஒரு குறுகிய கடல் ஓடுகிறது. அதுவே விக்டோரியா துறைமுகம். வடக்கே புதிய ஆட்சிப்பகுதி என்று வழங்கும் பரந்த நிலமும், சுற்றிலும் 260-க்கும் மேற்பட்ட சிறு தீவுகளும் உள்ளன. ஏறத்தாழ 75 லட்சம் மக்கள் அங்கு வாழ்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விமானத்தில் சென்றால் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

இந்த நகரில் வீட்டு வாடகை மிக மிக அதிகம். ஒரே வீட்டைப் பல அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விடும் வழக்கம் அங்கு உண்டு. அத்தகைய தடுப்பு அறைகளில் வாழ்வோர் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. கட்டில் போட்டால் நிற்க இடமில்லாத அறைகள் அவை. அப்படி வாழும் மக்கள் காலையில் எதில் ஏறி வேலைக்குப் போவார்கள்? எங்கே பசியாறுவார்கள்? மாலையில் எங்கே சென்று காற்று வாங்குவார்கள்? இந்தக் கேள்விகளுக்கு அந்த நகரம் காலப்போக்கில் சில விடைகளைக் கண்டிருக்கிறது. குறைந்த கட்டணப் படகு, டிராம் வண்டி, எளிய உணவுக்கடை, கட்டணமில்லாப் பூங்கா, கடற்கரை, மலைப்பாதை ஆகியவையே அந்த விடைகள். கையில் பணம் குறைவாக உள்ள பயணி செய்யவேண்டியது என்ன? அந்த எளிய மக்கள் நடக்கும் வழியிலேயே நடக்கவேண்டும். அவ்வளவுதான்.

இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். முதல் முறை ஹாங்காங் சென்றபோது ஒரு சுற்றுலாக் குழுவோடு போனேன். குளிரூட்டிய பேருந்து எங்களை ஏற்றிக்கொண்டு போய் ஒரு நகைக்கடையில் இறக்கிவிட்டது. அங்கே ஒன்றரை மணி நேரம். பிறகு மருந்துக்கடை, அங்கே ஒரு மணி நேரம். கடலைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். கொடுத்த பணமோ கொஞ்சநஞ்சமன்று. சில ஆண்டுகள் கழித்து என் துணைவியாரோடு இரண்டாம் முறை சென்றேன். அப்போது செலவழித்தது முதல் முறையில் பாதிகூட இல்லை. ஆனால் ஊரைப் பார்த்தது அப்போதுதான்.

முதலில் விமான நிலையத்திலிருந்து தொடங்குவோம். 1998-இல் திறக்கப்பட்ட இந்த நிலையம் நகருக்கு மேற்கே ஒரு தீவில் உள்ளது. அங்கிருந்து நகருக்குச் செல்ல விரைவு ரயில் உண்டு. வேகமானது, ஆனால் கட்டணம் அதிகம். ஏ21 என்னும் மாடிப் பேருந்து கவுலூனின் நேதன் சாலை வழியாகச் செல்கிறது. ஏ11 பேருந்து ஹாங்காங் தீவுக்குச் செல்கிறது. இவற்றின் கட்டணம் விரைவு ரயிலின் கட்டணத்தில் பாதிக்கும் குறைவு. நேரம் சற்றுக் கூடுதலாகும். ஆனால் மேல்மாடியில் முன் இருக்கையில் அமர்ந்தால், 1997-இல் திறக்கப்பட்ட சிங் மா தொங்கு பாலத்தின் மீது, இருபுறமும் கடலைப் பார்த்தபடி நகருக்குள் நுழையலாம். நகரின் முதல் காட்சி அங்கேயே கிடைத்துவிடும்.

நிலையத்திலேயே ஆக்டபஸ் என்னும் மின்னட்டை ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. 1997 முதல் புழக்கத்தில் உள்ள இந்த அட்டையைப் பேருந்து, பெருவிரைவு ரயில், டிராம், படகு ஆகிய அனைத்திலும் பயன்படுத்தலாம். பல கடைகளிலும் செல்லும். சில்லறை தேடித் தவிக்கும் தொல்லை இல்லை. நாள்தோறும் எவ்வளவு செலவாயிற்று என்பதையும் எளிதில் கணக்கிடலாம்.

அடுத்து, தங்குமிடம். சிக்கனப் பயணத்தில் மிகுந்த கவனம் தேவைப்படுவது இங்கேதான். நேதன் சாலையை ஒட்டிய சிம் ஷா சுய், ஜோர்டான், யாவ் மா தே ஆகிய வட்டாரங்களில் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களின் மேல்மாடிகளில் சிறு தங்குவிடுதிகள் நிறைய உண்டு. அறைகள் மிகச் சிறியவை. ஆனால் பெரிய ஹோட்டலின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் வாடகை மிகக் குறைவு. 1961-இல் கட்டப்பட்ட சுங்கிங் மேன்ஷன்ஸ் என்னும் கட்டடம் இவ்வகை விடுதிகளுக்குப் பெயர்பெற்றது. இந்தியர், பாகிஸ்தானியர், ஆப்பிரிக்கர் எனப் பல நாட்டு வணிகர்களும் கூடும் இடம் அது.

இத்தகைய விடுதியில் அறை எடுக்கும்போது இரண்டு செய்திகளைப் பார்க்கவேண்டும். ஒன்று, உரிமம். 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹாங்காங்கில் தங்குவிடுதி நடத்துவோர் அரசிடம் உரிமம் பெறவேண்டும். அந்த உரிமம் வாயிலில் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கும். தனியார் தம் வீட்டு அறையை உரிமமின்றி ஓரிரு நாளுக்கு வாடகைக்கு விடுவது அங்கே சட்டத்திற்குப் புறம்பானது. இரண்டு, வெளியேறும் படிக்கட்டு. 2024 ஏப்ரலில் ஜோர்டான் வட்டாரத்தில் தங்குவிடுதிகளும் இருந்த பழைய கட்டடம் ஒன்றில் தீப்பற்றி ஐவர் மாண்டனர். நாங்கள் முதலில் அமர்த்திய விடுதியில் அவசரப் படிக்கட்டை நான் போய்ப் பார்த்தேன். அட்டைப் பெட்டிகளும் பழைய மெத்தைகளும் கதவை மறித்துக் கிடந்தன. கட்டிய முன்பணம் போனால் போகட்டும் என்று வேறு விடுதிக்குச் சென்றுவிட்டோம். சிக்கனம் வேறு, உயிரோடு விளையாடுவது வேறு. எந்த ஊருக்குச் சென்றாலும், பெட்டியை வைத்தவுடன் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குக் காசு தேவையில்லை.

இனி ஊரைப் பார்க்கப் புறப்படுவோம். முதல் நாளைத் துறைமுகத்திற்கு ஒதுக்குங்கள்.

கவுலூன் கரையிலிருந்து ஹாங்காங் தீவுக்கு ஸ்டார் ஃபெர்ரி என்னும் படகுகள் ஓடுகின்றன. பச்சையும் வெள்ளையும் பூசிய பழைய பாணிப் படகுகள். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் பழைய படகுகளில் சென்றவர்களுக்கு இவற்றைப் பார்த்ததும் அந்த நினைவு வரும். இரு முனையும் ஒன்றுபோல் இருப்பதால் இவை திரும்பவேண்டிய தேவை இல்லை. வந்த வழியே போய்விடும். இருக்கைகளின் சாய்மானத்தையும் போகும் திசைக்கேற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். இந்தப் படகுப் போக்குவரத்தைத் தொடங்கியவர் நம்மவர் என்றே சொல்லலாம். டோராப்ஜி நவுரோஜி என்ற பார்சி வணிகர் 1888-இல் கவுலூன் ஃபெர்ரி கம்பெனியை ஏற்படுத்தினார். படகுகளின் பெயர்களில் 'ஸ்டார்' என்ற சொல் இருந்தது. 1898-இல் நிறுவனம் கைமாறியபோது அதுவே நிறுவனத்தின் பெயராயிற்று.

கடலைக் கடக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. கட்டணம் பத்து ஹாங்காங் டாலருக்கும் குறைவு. கீழ்த்தட்டில் அமர்ந்தால் இன்னும் குறைவு. அந்தச் சிறு கட்டணத்துக்கு, முன்னே வானளாவிய கட்டடங்களும் அவற்றின் பின்னே பச்சை மலையும், இருபுறமும் கப்பல்களும் தோணிகளுமாக உலகின் சிறந்த துறைமுகக் காட்சிகளுள் ஒன்று நமக்குக் கிடைக்கிறது. இதே கடலில் உல்லாசப் படகில் ஏற்றிச் செல்லப் பல மடங்கு பணம் கேட்பார்கள். கடல் ஒன்றுதான். மாலை மங்கும் நேரத்தில் ஒரு முறை சென்று, விளக்குகள் எரிந்தபின் திரும்பி வாருங்கள். ஒரே நாளில் இரண்டு நகரங்களைக் கண்டதுபோல் இருக்கும்.

இந்தப் படகுக் கட்டணத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கடலடிச் சாலைச் சுரங்கம் 1972-இல்தான் திறக்கப்பட்டது. அதற்குமுன் கரைக்குக் கரை செல்லப் படகே வழி. 1966-இல் ஸ்டார் ஃபெர்ரியின் முதல் வகுப்புக் கட்டணத்தை 20 காசிலிருந்து 25 காசாக உயர்த்த முடிவு செய்தார்கள். ஐந்து காசு உயர்வுதான். அதுவும் முதல் வகுப்புக்கு மட்டும்தான். ஆனால் இது ஏறினால் மற்ற விலைகளும் ஏறும் என்று மக்கள் அஞ்சினார்கள். ஏப்ரல் மாதத்தில் சோ சாவ்-சுங் என்ற இளைஞர் படகுத்துறையில் அமர்ந்து உண்ணாநோன்பைத் தொடங்கினார். அவர் கைது செய்யப்பட்டதும் கவுலூனில் கலவரம் மூண்டது. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது, ஒருவர் உயிரிழந்தார். பின்னர் அரசு விசாரணைக்குழு அமைத்தது. அன்றைய படகுத்துறை 2006-இல் இடிக்கப்பட்டு, இன்று வேறிடத்தில் புதிய துறை உள்ளது. ஆயினும் அந்தப் படகில் ஏறும்போது, நாம் கொடுக்கும் சிறு கட்டணம் தானாகக் குறைந்திருக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்வது நல்லது. ஐந்து காசு ஒரு பெருஞ்செலவாக இருந்த மக்கள் அதற்காகக் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

படகிலிருந்து இறங்கிச் சற்று நடந்தால் டிராம் பாதை வரும். 1904-இல் தொடங்கிய சேவை இது. பயணிகளை ஏற்றும் வண்டிகள் எல்லாமே மாடி வண்டிகள். மேற்கே கென்னடி டவுனிலிருந்து கிழக்கே ஷாவ் கீ வான் வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரம் செல்கிறது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் கட்டணம் ஒன்றே. நான்கு டாலரைத் தாண்டவில்லை. பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் கட்டணம் செலுத்தவேண்டும். மணி ஒலிக்க வருவதால் மக்கள் இதை 'டிங் டிங்' என்று அழைக்கிறார்கள்.

மாடியில் முன் இருக்கை கிடைத்தால் இந்த வண்டியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை செல்லுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகலாம். வங்கிகள், உலர்மீன் கடைகள், சந்தைகள், பழைய வீடுகள் எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் நகர்ந்து செல்லும். இந்தப் பாதையின் பெரும்பகுதி முன்னாளில் கடலை ஒட்டியே இருந்தது. கடலை மண்ணிட்டு நிரப்பி நிரப்பி ஊரை வளர்த்ததால், இன்று தண்டவாளம் ஊருக்கு நடுவே கிடக்கிறது. ஒரு காலத்தில் அலை அடித்த இடத்தில் இன்று நாற்பது மாடிக் கட்டடம் நிற்கிறது என்பதை டிராம் வண்டியில் அமர்ந்தே அறிந்துகொள்ளலாம்.

இரண்டாம் நாள் மலைக்குச் செல்லலாம். ஹாங்காங் தீவின் உயர்ந்த சிகரம் விக்டோரியா சிகரம். உயரம் 552 மீட்டர். அதன் தோள்வரை ஏறிச் செல்ல 1888 முதல் கயிற்று ரயில் ஒன்று உண்டு. அதற்குக் கட்டணமும் அதிகம், வரிசையும் நீளம். நகரின் மையப்பகுதியான சென்ட்ரலிலிருந்து 15-ஆம் எண் பேருந்து அதே இடத்திற்கு மலைப்பாதையில் வளைந்து வளைந்து செல்கிறது. கட்டணம் மிகக் குறைவு. மேலே சென்றதும், பணம் கொடுத்து ஏறும் பார்வைமேடையைத் தேடவேண்டாம். லுகார்ட் சாலை என்னும் நடைபாதையில் நடந்து செல்லுங்கள். மரநிழலில் மலையைச் சுற்றி வரும் அந்தப் பாதையில், சில நிமிட நடையிலேயே நகரமும் துறைமுகமும் காலடியில் விரிந்து கிடக்கும். முழுவதும் சுற்றிவர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.

அங்கே நிற்கும்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1904-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி இந்த மலையில் சீனர்கள் குடியிருக்க முடியாது. வேலைக்காரர்களாக இருந்தால் மட்டும் தங்கலாம். அந்தச் சட்டம் 1946-இல்தான் நீக்கப்பட்டது. தோட்டத்தில் துரை பங்களா ஒரு மேட்டிலும் தொழிலாளர் லயம் பள்ளத்திலும் இருந்த கதையை நம் பெரியோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே இது நமக்குப் புரியாத செய்தியன்று. இன்று பேருந்துச் சீட்டு வாங்கக்கூடிய எவரும் அங்கே சென்று நிற்கலாம்.

நடக்க வலுவுள்ளவர்களுக்கு இன்னொரு மலையும் உண்டு. டிராமில் ஷாவ் கீ வான் சென்று, அங்கிருந்து 9-ஆம் எண் பேருந்தில் ஏறினால், 'டிராகனின் முதுகு' என்னும் மலைப்பாதையின் தொடக்கத்தில் இறங்கலாம். மலைமுகட்டில் இருபுறமும் கடல் தெரிய நடந்து, பெருஅலைக் குடாவில் இறங்கிக் கடலில் குளிக்கலாம். மூன்று நான்கு மணி நேர நடை. தண்ணீர்ப் புட்டியும் தொப்பியும் தேவை. நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. ஹாங்காங் என்றால் கட்டடக் காடு என்று எண்ணுகிறோம். உண்மையில் அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. 1976-இல் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. நெருக்கடியான வீடுகளில் வாழும் மக்கள் விடுமுறை நாளில் மூச்சுவிட மலையும் கடலும் அனைவருக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்ற எண்ணமும் அதில் உண்டு.

மூன்றாம் நாள் ஒரு சிறு தீவுக்குச் செல்லுங்கள். சென்ட்ரல் படகுத்துறையிலிருந்து சியுங் சாவ் தீவுக்குப் படகு செல்கிறது. விரைவுப் படகும் உண்டு, மெதுவான படகும் உண்டு. மெதுவான படகில் கட்டணம் குறைவு. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அத்தீவில் தனியார் மோட்டார் வண்டிகள் இல்லை. குறுகிய சந்துகள், மீன்பிடி படகுகள், கருவாடு காயும் முற்றங்கள், 1783-இல் கட்டப்பட்ட பாக் தாய் கோயில் என்று ஒரு பழைய மீனவர் ஊரையே பார்க்கலாம். ஆண்டுதோறும் சீன நாட்காட்டியின் நான்காம் மாதத்தில் இங்கே பணியாரத் திருவிழா நடக்கும். அப்போது தீவு மக்கள் சில நாள் மரக்கறி உணவே உண்கிறார்கள். ஞாயிறுகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் படகுக் கட்டணமும் கூட்டமும் கூடும் என்பதால் வேலை நாளில் செல்வதே நல்லது.

நான்காம் நாள் கவுலூன் பக்கம். டயமண்ட் ஹில் ரயில் நிலையத்திற்கு அருகே சி லின் என்னும் பௌத்தப் பெண் துறவியர் மடம் உள்ளது. 1998-இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட இதன் மண்டபங்கள், பழைய தாங் அரசமரபுக் காலப் பாணியில், இரும்பு ஆணியின்றி மரத்தை மரத்தில் பொருத்திக் கட்டப்பட்டவை. எதிரே நான் லியான் பூந்தோட்டம். இரண்டுக்கும் கட்டணமில்லை. அடுத்த நிலையத்தில் வோங் தாய் சின் கோயில், அங்கும் அப்படியே. மழை பெய்தால் அரும்பொருளகங்களுக்குச் செல்லலாம். பல பொது அரும்பொருளகங்களின் நிரந்தரக் கண்காட்சிகளுக்கு 2016 முதல் கட்டணமில்லை. மாலையில் ஷாம் ஷுய் போ வட்டாரத்தின் தெருக்கடைகளில் சுற்றிவரலாம். அது உழைப்பாளிகளின் வட்டாரம். விலையும் அவர்களுக்கு ஏற்றதே.

உணவுக்கு வருவோம். 'சா சான் தெங்' எனப்படும் தேநீர்க்கடை உணவகங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. பாலூற்றிய கடுந்தேநீர், ரொட்டி, சோறு, மீ எல்லாம் கிடைக்கும். நம் ஊர்க் கோப்பிக்கடையின் உறவினர் என்று சொல்லலாம். பகல் உணவு நேரத்தில் சாப்பாடும் பானமும் சேர்த்து ஒரே விலையில் தருவார்கள். முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்காரவேண்டி வரும். அது அங்கே வழக்கம். உண்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும், பலர் காத்திருப்பார்கள்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள், பன்றி இறைச்சி உண்ணாதவர்கள், மரக்கறி மட்டுமே உண்பவர்கள் நம்மில் பலர். அவர்களுக்கு ஒரு யோசனை. புறப்படும் முன், உங்கள் சீன நண்பரிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லி, எதை உண்பீர்கள், எதை உண்ணமாட்டீர்கள் என்பதைச் சீன எழுத்தில் ஒரு சிறு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் அதைக் காட்டினால் போதும். பௌத்த மடங்களை ஒட்டிய மரக்கறி உணவகங்களிலும் நல்ல உணவு கிடைக்கும்.

கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் வளர்ந்த நேயர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஹாங்காங் மக்கள் பேசுவது கேன்டனீஸ் மொழி. நம் சந்தையில் காய்கறி வாங்கக் கற்ற அந்தச் சிறு மொழியறிவு அங்கே பெருந்துணையாகும். பழம் விற்ற ஒரு மூதாட்டியிடம், நம் ஊர் வழக்கப்படி "கெய் தோ லூய்?" என்று விலை கேட்டேன். அவர் சிரித்தார். பணத்தை 'லூய்' என்பது மலாய்ச் சொல்லிலிருந்து நம் நாட்டுக் கேன்டனீஸில் கலந்தது. அங்கே 'சின்' என்பார்கள். "மலேசியாவா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு ஆரஞ்சுகளைக் கூடுதலாகப் பையில் போட்டார். பெரிய ஹோட்டலில் தங்கி வாடகை வண்டியில் சென்றிருந்தால் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்காது.

வான் சாய் வட்டாரத்தில் 1901-இல் தொடங்கப்பட்ட சீக்கியர் கோயில் ஒன்று உண்டு. வருவோர் யாராயினும் அங்கே உணவு அளிக்கிறார்கள். சிக்கனப் பயணம் செய்யும் சிலர் இத்தகைய இடங்களை இலவசச் சாப்பாட்டுக் கடைகளாக எண்ணிவிடுகிறார்கள். அது தகாது. சென்றால் வழிபாட்டு முறைக்கு மதிப்பளித்து, தலையை மூடி, ஒரே வரிசையில் அமர்ந்து உண்டு, இயன்ற காணிக்கையைச் செலுத்தி, பாத்திரம் கழுவவும் உதவிவிட்டு வாருங்கள். தெருக்கடை மூதாட்டியிடம் இரண்டு டாலருக்காக மல்லுக்கு நிற்பதும் அப்படித்தான். நம் செலவைக் குறைக்க நம்மைவிட எளியவர்கள் இழப்பைத் தாங்கவேண்டும் என்றால், அதற்குச் சிக்கனம் என்று பெயரில்லை.

எப்போது செல்லலாம் என்றும் கேட்பீர்கள். அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை வானம் தெளிவாகவும் காற்று குளிர்ச்சியாகவும் இருக்கும். சீனப் புத்தாண்டின்போதும் அக்டோபர் முதல் வார விடுமுறையிலும் அறை வாடகை ஏறிவிடும். மே முதல் செப்டம்பர் வரை வெப்பமும் மழையும் மிகுதி, புயலும் வரும். எட்டாம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றப்பட்டால் படகும் டிராமும் பேருந்தும் சிறிது நேரத்தில் நின்றுவிடும். அக்காலத்தில் விமானக் கட்டணம் மலிவாகக் கிடைத்தாலும், அறையிலேயே முடங்க நேரும் நாளையும் கணக்கில் சேர்க்கவேண்டும். எந்தக் காலத்தில் சென்றாலும், ஒரு நாள் செலவுக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்து அதைத் தொடாதிருங்கள். மருந்துக்கும் எதிர்பாராத தாமதத்துக்கும் அது உதவும்.

நிறைவாக ஒரு காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்ட்ரல் வட்டாரத்திற்குச் செல்லுங்கள். பெரிய வங்கிக் கட்டடங்களின் கீழும், சதுக்கத்திலும், நடைபாலங்களிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் அட்டைகளை விரித்து அமர்ந்திருப்பார்கள். பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து வீட்டுவேலை செய்பவர்கள். ஹாங்காங்கில் இத்தகைய பணிப்பெண்கள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்குச் சட்டப்படி ஓய்வு. அந்த நாளில் சமைத்துக் கொண்டுவந்த உணவைப் பகிர்ந்து, தலை பின்னி, பாடி, ஆடி, ஊருக்குக் கடிதமும் பணமும் அனுப்பி, மாலையில் வேலை செய்யும் வீடு திரும்புகிறார்கள். ஒரு பெருநகரைச் செலவின்றி அனுபவிக்கத் தெரிந்தவர்கள் அவர்களே. அவர்களை வேடிக்கைப் பொருளாகப் படம் எடுக்காதீர்கள். நம் பாட்டன் பாட்டியரும் இப்படித்தான் வேற்று மண்ணுக்கு உழைக்க வந்தார்கள் என்பதை எண்ணிக்கொண்டு, வழியில் ஒரு புன்னகையோடு கடந்து செல்லுங்கள்.

அந்தப் பெண்கள் அமரும் சதுக்கம், உழைப்பாளிகள் ஏறும் டிராம், ஐந்து காசுக்காக மக்கள் போராடிய படகு, முன்பு பலருக்கு மூடிக் கிடந்த மலை ஆகிய இவற்றைத்தான் இன்று நாம் குறைந்த செலவில் கண்டோம். இவை நமக்காக அமைக்கப்பட்டவை அல்ல. அந்த ஊர் மக்களுக்காக, பெரும்பாலும் அவர்களுடைய முயற்சியால் அமைந்தவை. விருந்தினராகச் சென்று, கட்டணத்தைச் செலுத்தி, முதியவருக்கு இருக்கையை விட்டுக்கொடுத்து, வேலைக்குச் செல்வோர் நெரிசல்படும் நேரத்தில் பெட்டியோடு குறுக்கே நிற்காமல் அவற்றை அனுபவிப்போம்.

இன்று மாலையே ஓர் உண்டியலையோ ஒரு வங்கிக் கணக்கையோ தொடங்கி, அதற்கு 'பயணம்' என்று பெயர் வையுங்கள். சிறுதுளி பெருவெள்ளம். அடுத்த ஆண்டு இதே நாளில் நீங்கள் ஒரு படகின் கீழ்த்தட்டில் அமர்ந்து துறைமுக விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.